ரெண்டரை வயசுல 'அ' எழுத வைக்கணுமா? மொதல்ல அணிலுக்குக் கோடு போடட்டும்

கேள்வி: அக்கா, எனக்கு ரெண்டரை வயசுல ஒரு பையன். மன்னார்குடி பக்கம் கிராமம். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காரு, வீட்டுல நானும் மாமியாரும்தான். பக்கத்து வீட்டுப் பாப்பா பிளேஸ்கூல் போகுது, ஏ பி சி டி முழுசும் கடகடன்னு சொல்லுது, இவன் வாயத் தொறக்க மாட்டேங்குறான். போன்ல எழுத்து கிராஃப்ட் வீடியோ பாத்து நானும் செஞ்சு பாத்தேன். பேப்பர கிழிக்கிறான், பசைய நக்குறான், ரெண்டு நிமிஷத்துல எந்திரிச்சு ஓடிடுறான். வீடெல்லாம் குப்பைன்னு மாமியார் சத்தம் போடுறாங்க. ஆன்லைன்ல ஆயிரத்து சொச்சத்துக்கு எழுத்து கிட் ஒண்ணு இருக்கு, வாங்கலாமா? ஈசியா செய்ற மாதிரி ஏதாவது சொல்லுங்க. தமிழ்ல ஆரம்பிக்கிறதா, இங்கிலீஷ்லயா?
பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: முதல்ல அந்தப் பக்கத்து வீட்டுப் பாப்பாவ விடுங்கம்மா. ஏ பி சி டி கடகடன்னு சொல்றது பாட்டு பாடுற மாதிரிதான், ராகத்தோட மனசுல ஏறிடும், நடுவுல ஒரு எழுத்த மட்டும் காட்டி இது என்னன்னு கேட்டா பாதிப் பிள்ளைங்க முழிக்கும் (நீங்க போய் கேட்டுப் பாக்காதீங்க, அப்புறம் ரெண்டு வீட்டுக்கும் சண்டை).

உங்க பையன் கிழிக்கிறான், ஓடிடுறான்னு எழுதியிருக்கீங்கள்ல, அந்த வயசுக்கு அதுதான் சரி. பொதுவா ரெண்டு வயசுல ஒரு நேர்கோடு இழுப்பாங்க, மூணு வயசு வாக்குல பாத்து ஒரு வட்டம் போடுவாங்க, கூட்டல் குறி போட நாலு வயசு ஆயிடும். இப்ப நம்ம 'அ'வ பாருங்க, ஒரு சுழி, ஒரு வளைவு, அப்புறம் பக்கத்துல ஒரு கோடு, இத்தனையும் அந்த மொட்டு விரலுக்கு எப்படி வரும்? அதனால எழுத வைக்கிற வேலைய இப்போதைக்கு எடுத்து ஓரமா வைங்க. அவன் கைக்கு என்ன வரும், கிழிக்க வரும், அமுக்க வரும், தேய்க்க வரும், முக்கி எடுக்க வரும், தூக்கிப் போட வரும். இந்த அஞ்ச வெச்சு என்ன செய்ய முடியுமோ அதுதான் அவனுக்கு கிராஃப்ட். வீடியோல வர்றது பூரா அம்மாக்காரி வெட்டி ஒட்டி அழகு பண்றது, புள்ள கைய கட்டிட்டு வேடிக்கை பாக்கும், அப்புறம் ஓடாம என்ன பண்ணும்?

அணில்லேருந்து ஆரம்பிங்க. மளிகை சாமான் வந்த பழுப்பு அட்டை டப்பா இருக்கும்ல, அதுல உள்ளங்கை ரெண்ட சேத்து வெச்ச அளவுக்கு ஒரு அணில் வெட்டிக்கோங்க, அணில் மாதிரி இல்லேன்னாலும் பரவால்ல, வால் மட்டும் புசுபுசுன்னு இருந்தா அவனுக்கு அது அணில்தான். வெள்ளிக்கிழமை இழைக்கோலத்துக்கு பச்சரிசிய ஊறவெச்சு அரைப்பீங்கள்ல அந்த மாவு ரெண்டு கரண்டி ஒரு கிண்ணத்துல எடுத்து அவன் முன்னாடி வைங்க. மூணு விரல முக்கி அணில் முதுகுல ஒரே இழுப்பு. அவ்வளவுதான், வேலை முடிஞ்சுது, ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. இதுல ஒரு விஷயம் என்னன்னா மாவு ஈரமா இருக்குறப்ப கோடு சரியாவே தெரியாது, என்னடா ஒண்ணுமே வரலையேன்னு அவன் ஓடிடுவான், ஓடட்டும். காயக் காய வெள்ளை வெளேர்னு மூணு கோடும் எந்திரிச்சு நிக்கும் பாருங்க, அப்ப கூப்பிட்டு காட்டுங்க. ராமர் தடவின கதைய அப்பாயி சொல்லட்டும். கடைசியா நீங்க அட்டை ஓரத்துல கிரேயான்ல பெருசா ஒரு 'அ' போட்டு, அணிலுக்கு அ, அப்பாவுக்கும் அ, அப்படின்னு ஒரே ஒரு வாட்டி சொன்னா போதும். சாயங்காலம் அவங்க அப்பா வீடியோ கால்ல வந்தா அந்த அணில அவனே தூக்கிக் காட்டட்டும், "அ சொல்லு, அ சொல்லு"ன்னு பின்னாடி நின்னு குடையாதீங்க.

மாமியார் குப்பைன்னு சத்தம் போடுறாங்கன்னா அவங்களையும் இதுல இழுத்துப் போடுங்க, அதுதான் வழி. பூவரச இலைய சுருட்டி பீப்பி செய்யத் தெரியாத அப்பாயி நம்ம பக்கம் உண்டா? ஊதலுக்கு ஊ. தென்னங்கீத்துல வாட்ச், பாம்பு, காத்தாடி எல்லாம் உங்களவிட அவங்களுக்குத்தான் கை பழகியிருக்கும், அவங்க செய்யச் செய்ய இவன் கீத்த புடிச்சு இழுக்கட்டும். கிழிச்சுட்டு கிடக்குற ஈர்க்குச்சிய மட்டும் உடனே எடுத்துடுங்க, கண்ணுல குத்திடும்.

குப்பையே ஆகாத ஒண்ணு வேணும்னா தண்ணி. காஞ்ச தேங்கா மட்டையில ஒரு துண்டு எடுத்து முனைய சுத்தியலால நசுக்குனா நார் பிரிஞ்சு பட்டையா ஒரு பிரஷ் ஆயிடும். ஒரு சொம்புல தண்ணியும் அந்த பிரஷும் குடுத்து வாசல் சிமெண்டுத் தரையில விட்டுடுங்க, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி. நீங்க ஆளு உசரத்துக்கு ஒரு 'ட' போடுங்க, மேல இருந்து கீழ ஒரு கோடு அப்படியே பக்கவாட்டுல ஒரு கோடு, சுழியே இல்லாத எழுத்து, அது மேல அவன் நடக்கட்டும், பிரஷால தேய்க்கட்டும், அஞ்சு நிமிஷத்துல காஞ்சு மறைஞ்சிடும், மறுபடி போடுன்னு கேப்பான். அடுத்து 'ப'. உயிரெழுத்து பன்னெண்டும் முடிச்சுட்டுத்தான் மத்ததுன்னு இப்பவே வரிசை கட்ட வேண்டாம், கைக்கு எது சுளுவோ அது முன்னாடி வரட்டும்.

இப்ப வாழைக்கு வர்றேன், நம்ம பக்கத்துல கொல்லைக்குப் போனா அதுதானே நிக்குது. சமையலுக்கு வாழைப்பூ உரிக்கிறப்ப அந்த செவப்பு மடல தூக்கிப் போடாதீங்க, ஓடம் மாதிரியே வளைஞ்சு இருக்கும், தண்ணியில விட்டா மெதக்கும், ஓ ஓடம் ஆச்சு. ரெண்டு செம்பருத்திய உள்ள வெச்சு பயணம் அனுப்பலாம். ஆனா மேட்டூர் அணை தொறந்து வாய்க்கால்ல தண்ணி வர்றப்ப, அதுல விடலாம்னு கூட்டிட்டுப் போயிடாதீங்க தாயி. அகலமான பேசின்ல நாலு விரல்கட தண்ணி போதும், அந்த நாலு விரல்கட தண்ணியிலயும் அவன தனியா விட்டுட்டு அடுப்ப பாக்கப் போகக்கூடாது, முடிஞ்ச உடனே கவுத்துடணும்.

வாழை மட்டையில அச்சு போடுறதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. இலைக்காம்பு மட்டைய குறுக்க ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிப் பாருங்க, வெட்டுன முகத்துல பிறை மாதிரி வளைவும் அதுக்குள்ள கட்டம் கட்டமா காத்து அறையும் இருக்கும், யாரோ உக்காந்து செதுக்குன மாதிரி. அத துணியால ஒத்தி எடுத்து பீட்ரூட் சாறுல முக்கி பழைய காலண்டர் தாளோட பின்பக்கம் அமுக்குனா கட்டத்தோட அப்படியே விழும். பீட்ரூட் வெளிறலா இருந்தா ஒரு ஸ்பூன் மைதா கலந்தா கெட்டியா ஒட்டும். நீங்க தாள் நிறையுற மாதிரி 'ஆ' ஒண்ணு பெருசா போட்டு வெச்சிடுங்க, அதுக்கு உள்ளதான் அமுக்கணும்னு சொல்லாதீங்க, வெளியில விழுந்தா விழட்டும். வெண்டைக்கா காம்புப் பக்கம் வெட்டுனா பூ, பாகக்கா வெட்டுனா பல்லுச்சக்கரம், அன்னிக்கு என்ன குழம்போ அதுல ஒரு துண்டு இதுக்கு. வாழைக்கறை மட்டும் துணியில பட்டா போகவே போகாது, அதனால கிழிஞ்ச பனியனோட உக்கார வைங்க, நல்ல சட்டைய போட்டுட்டு அப்புறம் அவன அடிக்கக் கூடாது.

பூவன் பழத்துத் தோல்ல பல்குத்துற குச்சியோட முனையால லேசா கீறி 'ப' எழுதி வெச்சா, எழுதுனப்ப ஒண்ணும் தெரியாது, போகப் போக கருத்து எழுத்து மேல வரும். இது நீங்க செய்ற வேலை, அவன் வேலை வந்து வந்து பாக்குறதும் கடைசியில உரிச்சு திங்கிறதும். ஒரு சீப்புல ஒவ்வொரு பழத்துலயும் ஒண்ணு எழுதிப் போட்டா தினம் எந்த எழுத்த திங்கலாம்னு அவனே வந்து கேப்பான்.

இலை வேணும்னா அரச இலை, ஆலிலை ரெண்டும் நல்லது, நரம்பு முட்டிக்கிட்டு இருக்கும். தாளுக்கு அடியில நரம்புப் பக்கம் மேல இருக்குற மாதிரி வெச்சு, கிரேயானோட தாள உரிச்சுட்டு படுக்கவெச்சு தேய்க்கணும். தாள் நகராம நீங்க புடிச்சுக்கணும், இல்லேன்னா கிழிஞ்சு போயிடும், அவனுக்கும் கோவம் வந்துடும். இ இலை. எறும்புக்கு எ, விரல மாவுல தொட்டு வரிசையா மூணு பொட்டு வெச்சு கால நீங்க வரைஞ்சுடுங்க. ஃ-க்கு உங்க ஸ்டிக்கர் பொட்டு அட்டை, பெரிய சைஸ் பொட்டா பாத்து மூணு ஒட்டுனா முடிஞ்சுது. ஔ-வுக்கு என்ன கிராஃப்ட்டுன்னு கேக்காதீங்க, கிழவிய வரையச் சொல்லி நான் யாரையும் கொடுமைப்படுத்துறதா இல்ல.

பசைய நக்குறான்னா நக்குற மாதிரி பசையா வெச்சுடுங்க. ஒரு பங்கு மைதாவுக்கு நாலு பங்கு தண்ணி, கட்டி இல்லாம கரைச்சு சிம்ல வெச்சு கிண்டுனா கண்ணாடி மாதிரி ஆகுறப்ப எறக்கிடலாம், நல்லா ஆறினப்புறம் குடுங்க. அன்னன்னைக்கு செஞ்சு மிச்சத்த கொட்டிடணும். போஸ்டர் ஒட்டுறவங்க பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் போடுவாங்க, யாராவது அத கலக்கச் சொன்னா கேக்காதீங்க, அது விஷம். உருட்டி வெளையாட சப்பாத்தி மாவே போதும், நீளமா பாம்பு உருட்டி நீங்க சுருட்டுனா 'உ' வந்துடும். களிமண் குடுக்கலாமான்னா தாராளமா குடுக்கலாம், குளத்து மண்ணுல நத்தை ஓடு, கண்ணாடித் துண்டு இருக்கான்னு பெசஞ்சு பாத்துட்டு, மருந்தடிச்ச வயல் வரப்புலேருந்து மட்டும் எடுக்காம.

கண்டிப்பா வேண்டாம்னு சொல்றது குண்டுமணி. பிள்ளையாருக்கு கண்ணு வைக்க வாங்குனது எல்லா வீட்டுலயும் மாடத்துல ஒரு டப்பால கிடக்கும், செவப்பும் கருப்புமா பாக்க அழகா இருக்கும், எழுத்து மேல வரிசையா ஒட்டுனா ஜோரா இருக்கும்னு தோணும். உள்ள இருக்குற பருப்பு கொடிய விஷம், கடிச்சு மென்னுட்டா உயிருக்கே ஆபத்து. இன்னிக்கே அந்த டப்பாவ பரண்ல ஏத்துங்க. புளியங்கொட்டை, மொச்சை, பட்டாணி, பாசிமணி இதெல்லாமும் மூணு வயசு தாண்டுற வரைக்கும் வேண்டாம், தொண்டையில அடைக்கும், இல்ல மூக்குல போட்டுக்குவாங்க, பயறு மூக்குக்குள்ள ஈரத்துல ஊறிப் பெருத்துட்டா எடுக்குறது பெரிய பாடு. பூ குடுக்குறப்ப அரளி வேண்டாம், செடி பூராவும் விஷம். கலர் கோலமாவும் குங்குமமும் சாயம், கை வாய்க்குப் போற வயசுக்கு ஆகாது.

விஜயதசமிக்கு கூத்தனூர் சரஸ்வதி கோயிலுக்குப் போய் நெல்லுல எழுத வைக்கணும்னு மாமியார் சொல்லுவாங்க, நீங்க எழுதலேன்னாலும் எனக்குத் தெரியும். போயிட்டு வாங்க, நல்ல விஷயந்தான், மடியில வெச்சு விரல புடிச்சு எழுத வைக்கிறது ஒரு நாள் கொண்டாட்டம். அதையே வீட்டுல தினம் செய்யணும்னா நெல்லு வேண்டாம், சொணை அரிக்கும், தாம்பாளத்துல ரவைய பரப்பிக் குடுங்க, விரலால கோடு இழுப்பான், அழிப்பான், கொஞ்சம் திம்பான்.

தமிழா இங்கிலீஷான்னு கேட்டீங்க. வீட்டுல பேசுறது தமிழ், அணிலும் ஓடமும் அவன் காதுல விழுற வார்த்தை, அதுல ஆரம்பிங்க. நமக்கு ஒரு வசதி, அ-ங்கிற எழுத்தோட பேரும் சத்தமும் ஒண்ணுதான். இங்கிலீஷ்ல மாதிரி 'ஏ'ன்னு சொல்லிட்டு 'ஆப்பிள்'னு சத்தம் மாத்துற கதை இங்க இல்ல. இங்கிலீஷ் எழுத்தும் பிஸ்கட் கவர்லயும் பஸ் மேலயும் கண்ணுல படத்தான் போகுது, கேட்டா சொல்லுங்க, கேக்காதப்ப விடுங்க. ஒரு வாரத்துக்கு ஒரு எழுத்துக்கு மேல போகாதீங்க, அந்த வாரத்துல அவனுக்குப் புடிக்கலேன்னா அதுவும் வேண்டாம். அவன் பேரோட முதல் எழுத்த மட்டும் எல்லாத்துலயும் நடுநடுவுல சேத்துட்டே வாங்க, பிள்ளைங்க பெரும்பாலும் முதல்ல அடையாளம் புடிக்கிறது அதத்தான்.

ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க, எழுத்து தெரியாதது பிரச்சனையே இல்ல, ஆனா ரெண்டரை வயசுல "தண்ணி குடு", "அப்பா வா"ன்னு ரெண்டு வார்த்தை சேத்து பேசலேன்னாலோ கூப்பிட்டா திரும்பலேன்னாலோ ஒரு குழந்தை டாக்டர்கிட்ட காட்டிடுங்க. வாயத் தொறக்க மாட்டேங்குறான்னு எழுதுனது ஏ பி சி டி-க்கு மட்டும்தான்னா கவலையே வேண்டாம்.

கிட் வாங்காதீங்க. அந்தப் பொடிப் பொடி எழுத்தெல்லாம் கட்டிலுக்கு அடியில போயிடும், சிலது வாய்க்குள்ளயும் போகும். நல்ல தடிமன் கிரேயான் ஒரு பாக்கெட் வாங்குங்க, அடியில விரிக்க ஒரு கோணிப்பை எடுத்து வைங்க, மாமியார் கூட்டுறப்ப அத அப்படியே நாலு மூலையையும் புடிச்சு தூக்கிட்டுப் போய் கொல்லையில உதறிடலாம்.