கொரோனா போனது, களைப்பு போகவில்லை: டாக்டர் பதில்கள்

கொரோனா குணமான பிறகும் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உடம்பு தேறாமல் இருப்பவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். சேலத்தில் இருந்தும் ஏற்காட்டில் இருந்தும் நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு இந்த வாரம் பதில் சொல்கிறேன். பெயர்களை வெளியிடவில்லை.

எனக்கு 44 வயது. பட்டுத்தறி நெய்கிறேன். 2021இல் இரண்டாம் அலையின்போது கொரோனா வந்து வீட்டிலேயே குணமானேன். அதிலிருந்து, ஒரு பொழுது முழுக்கத் தறியில் உட்கார்ந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரிவதில்லை. மறுநாளோ அதற்கடுத்த நாளோ எழுந்திருக்கவே முடிவதில்லை. அடித்துப் போட்டாற்போல் உடம்பு வலிக்கிறது. ஸ்கேன், ஈ.சி.ஜி. எல்லாம் சரியாக இருப்பதால், "நன்றாக நடங்கள், தெம்பு வரும்" என்கிறார்கள். நடந்தால் இன்னும் மோசமாகிறது. வீட்டில் சோம்பேறி என்று பேச்சு. முதலாளி நெய்யக் கொடுத்த பாவு நூல் பாதியில் நிற்கிறது.
— நெசவாளர், அம்மாப்பேட்டை

தம்பி, நீங்கள் சோம்பேறி இல்லை. இந்த இதழை வீட்டில் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள்.

உழைத்த அன்று தாங்கிவிட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து உடம்பு கவிழ்வது நீடித்த கோவிட்டின் முக்கியமான அடையாளம். கொரோனா வந்து 3 மாதம் ஆன பிறகும் தொல்லை இருந்து, அது 2 மாதமாவது நீடித்து, வேறு எந்த நோயாலும் அதை விளக்க முடியாவிட்டால் இந்த நோய் என்று கொள்ளலாம் என உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் வரையறுத்தது. இதை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை இதுவரை இல்லை. அதனால்தான் "ஒன்றும் இல்லை" என்ற பதில் இவ்வளவு சுலபமாக வருகிறது. எனக்கு இதில் மிகுந்த வருத்தம். பரிசோதனையில் தெரியவில்லை என்பதற்காக, நோயாளி சொல்வதைத் தள்ளிவிட எந்த மருத்துவருக்கும் உரிமை இல்லை.

ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, பி12 குறைபாடு ஆகியவற்றைப் பார்த்துவிட்டார்களா? கொரோனாவுக்குப் பிறகு புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள் உண்டு. இருமலோ எடை குறைவோ இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் அவசியம். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு வாங்குவதில்லை.

இவற்றில் ஒன்றும் இல்லையென்றால், நடையைக் கூட்டச் சொன்ன ஆலோசனையை இன்றோடு விடுங்கள். இதைப் போலவே உழைத்த பிறகு உடம்பைச் சாய்க்கும் நெடுங்களைப்பு நோய் ஒன்று முன்பிருந்தே இருக்கிறது. அதற்கான பிரிட்டன் வழிகாட்டுதலில் இருந்து, படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டும் சிகிச்சையை 2021இல் நீக்கிவிட்டார்கள். உங்களுக்கு வேண்டியது அளவு. தறிக்குழியில் உட்கார்ந்து காலால் மிதித்து, கையால் நாடாவை ஓட்டுவது முழு உடம்புக்கும் வேலை. கால்மணி நேரம் நெய்யுங்கள். களைப்பு வரும் முன்பே எழுந்து பாயில் படுங்கள். உட்கார்ந்து செல்போன் பார்ப்பது ஓய்வில் சேராது. எவ்வளவு நெய்தீர்கள், மறுநாளும் அதற்கடுத்த நாளும் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். சில வாரங்களில் உங்கள் எல்லை எது என்று பிடிபடும். நன்றாக இருக்கும் நாளில் விட்டதையெல்லாம் பிடிக்கப் பார்க்காதீர்கள். பெரும்பாலோர் கவிழ்வது அதனால்தான். முடியாத நாளில் நாடாவுக்குத் தாரில் நூல் சுற்றும் வேலையை நீங்கள் எடுத்துக்கொண்டு, தறியை வீட்டில் வேறொருவர் பார்க்கலாம்.

முதலாளியிடம் பாவை நெய்து முடிக்க இரண்டு மடங்கு நாள் கேளுங்கள். கூலி குறையும், தெரியும். வாரக் கடன் தவணைக்காக எழுந்து நெய்து, மாதக்கணக்கில் படுத்துவிட்டவர்களை நம் தெருக்களிலேயே பார்க்கிறேன். அந்தக் குடும்பங்களில் பிள்ளையின் படிப்பு நிற்கிறது, மனைவி மில் வேலைக்குப் போகிறாள். ஒருவருடைய களைப்பு ஒரு வீட்டையே சாய்க்கிறது. இந்தக் கணக்கை யாரும் எடுப்பதில்லை. தெம்பு தரும் என்று சொல்லி குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுபவர்களிடம் மட்டும் போகாதீர்கள். இருக்கிற காசும் போகும்.

இதெல்லாம் தடுப்பூசியால் வந்ததுதானே?
— வாசகர், குகை, சேலம்

இல்லை ஐயா. இத்தாலியைச் சேர்ந்த தொல்லியல் ஆய்வாளர் எலிசா பெரேகோ, தமக்கு நீடித்த இந்தத் தொல்லையைப் பற்றிப் பொதுவெளியில் எழுதியது 2020 மே மாதம். நம் நாட்டில் தடுப்பூசி போடத் தொடங்கியது 2021 ஜனவரி 16. தடுப்பூசியால் அரிதாகப் பக்கவிளைவு வந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சிகிச்சை வேண்டும். ஆனால் போட்டுக்கொண்டவர்களுக்கு நீடித்த கோவிட் வரும் வாய்ப்பு குறைவு என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

ஏற்காட்டில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் கடையில் வேலை செய்கிறேன். கொரோனாவில் வாசனை போய், சில மாதம் கழித்துத் திரும்பியது. இப்போது காப்பி வறுத்தால் சாக்கடை நாற்றமும் எரிந்த ரப்பர் நாற்றமும் சேர்ந்து அடிக்கிறது. வெங்காயம் வதக்கினாலும் அப்படியே. சாப்பாடு இறங்காமல் இளைத்துவிட்டேன். மனநோய் என்கிறார் என் நாத்தனார்.
— வாசகி, ஏற்காடு

மனநோய் இல்லை கண்ணு, மூக்கின் நரம்புக் கோளாறு. கிருமியால் சேதமான வாசனை நரம்புகள் மறுபடி வளரும்போது செய்தியைத் தப்பாகக் கொண்டுபோகின்றன. பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்டவர்களை அதிகம் துன்புறுத்துவது காப்பி மணத்தில் உள்ள கந்தகம் கலந்த ஒரு பொருள் என்று கண்டார்கள். 2-ஃபியூரான்மெத்தேன்தயோல் என்று பெயர். காப்பிக்கொட்டையை வறுக்கும்போதுதான் அது உண்டாகிறது. ஆகவே பச்சைக்கொட்டை உங்களுக்கு அவ்வளவாகத் தொல்லை தராது. கொட்டை தரம் பிரிக்கும் வேலைக்கோ மூட்டை எடை போடும் வேலைக்கோ மாற்றித் தரும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

ரோஜா, எலுமிச்சைத் தோல், கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் ஆகிய நான்கையும் தனித்தனிச் சின்னப் பாட்டில்களில் வைத்துக்கொள்ளுங்கள். காலையிலும் இரவிலும் ஒவ்வொன்றையும் 20 விநாடி முகர்ந்து, அந்த மணம் முன்பு எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஜெர்மனியில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009இல் சோதித்துக் காட்டிய பயிற்சி இது. மாதக்கணக்கில் விடாமல் செய்ய வேண்டும். பெரும்பாலோருக்கு மெதுவாகக் குறைகிறது. அதுவரை ஆறிய இட்லி, தயிர்சாதம், பழம் என்று மணம் எழாததாகப் பார்த்துச் சாப்பிடுங்கள். சிலிண்டர் கசிந்தால் உங்களுக்குத் தெரியாமல் போகலாம் என்பதால், இரவில் அடுப்பை மூடியாயிற்றா என்று வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் மகளுக்கு 16 வயது. கொரோனாவுக்குப் பிறகு பள்ளிப் பிரார்த்தனையில் நின்றால் நெஞ்சு படபடத்து மயங்குகிறாள். பரீட்சை பயம் என்கிறார்கள்.
— தாய், சேலம்

படுத்திருக்கையில் நாடி பாருங்கள். பிறகு 10 நிமிடம் சாயாமல் நிற்கச் சொல்லி, மறுபடி மறுபடி பாருங்கள். மயக்கம் வந்தால் உடனே படுக்க வைத்துவிடுங்கள். ரத்த அழுத்தம் இறங்காமல் நாடி மட்டும் படுத்திருந்ததைவிட நிமிடத்துக்கு 40க்கு மேல் கூடினால் பயம் என்று விட்டுவிடக்கூடாது. பெரியவர்களுக்கு 30 கூடினாலே கவனிக்க வேண்டும். அந்த எண்களை எழுதிக்கொண்டு இதய மருத்துவரிடம் போங்கள். ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். தண்ணீர், உப்பு, இறுக்கமான காலுறை என்று நிவாரணம் உண்டு, உப்பின் அளவை மருத்துவர் சொல்லட்டும். பிரார்த்தனையில் உட்கார அனுமதி கேட்டுப் பள்ளிக்கு இன்றே கடிதம் கொடுங்கள்.

கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். என்னிடம் பல வருடமாகக் கணக்குப் பார்ப்பவர், 2021 மே மாதம் உருக்காலையில் ஆக்சிஜன் படுக்கைகள் போட்டார்களே, அங்கே படுத்து மீண்டவர். இப்போது வெள்ளி எடை மறந்துபோகிறது. போட்ட கணக்கையே மறுபடி போடுகிறார். நல்ல மனிதர். நிறுத்திவிடலாமா?
— பட்டறை உரிமையாளர், செவ்வாய்ப்பேட்டை

நிறுத்தாதீர்கள் ஐயா. கேட்டு எழுதியதற்கு நன்றி. பலர் கேட்பதே இல்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகை ஊனங்கள் இருக்கின்றன. நீடித்த கோவிட் அதில் இல்லை. அமெரிக்கா 2021 ஜூலையிலேயே, வாழ்க்கையை முடக்கும் அளவுக்கு இருந்தால் இதையும் ஊனமாகக் கருதலாம் என்று அறிவித்தது. இங்கே அந்த வழி திறக்காதவரை உங்களைப் போன்ற முதலாளிகளின் முடிவில்தான் இவர்களுடைய பிழைப்பு இருக்கிறது. சட்டம் வர வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த மறதிக்குக் காரணம் அக்கறையின்மை அல்ல. மூளை சீக்கிரம் களைத்துவிடுகிறது. வாயால் சொல்லும் எடையை நிறுத்திவிட்டு, தராசில் வைத்ததும் சீட்டில் எழுதச் செய்யுங்கள். கணக்கைக் காலையில் அவர் தெளிவாக இருக்கும்போது பார்க்கட்டும். அந்த நேரத்தில் போன் எடுக்கும் வேலையை வேறொருவருக்குக் கொடுங்கள். மதியம் அரைமணி படுக்க இடம் கொடுங்கள். மாலையில் இன்னொருவர் கூட்டலைச் சரிபார்க்கட்டும். பட்டறையில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், முடியாத நாட்களுக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்க வழி உண்டு. அதற்கு மருத்துவச் சான்று தேவை. அவரை ஒருமுறை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள். போகும்போது பிழை வந்த கணக்குத் தாள்களில் நாலைந்தைக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள், மருத்துவருக்கு அது மிகவும் உதவும்.