பதில்: பிரெயின்டான்ஸ் பதிவு மர்மத்தை உடைத்துவிடுகிறதா?

நீங்கள் நடத்தும் சைபர்பங்க் கதாபாத்திர ஆட்டத்தில் (ரோல்பிளேயிங் கேம்), கொலையானவரின் பிரெயின்டான்ஸ் பதிவை, அதாவது அவர் அனுபவித்ததை அப்படியே மீண்டும் உணரவைக்கும் பதிவைப் பார்த்ததுமே ஆட்டக்காரர்கள் கொலையாளியைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பதிவைக் காணொளி போல விவரிப்பதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். அது கேமரா இல்லை, ஒருவருடைய புலன்களும் உணர்ச்சிகளும். அவர் திரும்பிப் பார்க்காதது பதிவிலும் இருக்காது.

காட்சிக்கு முன் உடம்பைச் சொல்லுங்கள்: வறண்ட தொண்டை, வியர்த்த உள்ளங்கை, பின்னால் கேட்ட குரலால் திடீரென வந்த நிம்மதி. நிம்மதி ஏன்? தெரிந்தவர் குரலா? அங்கேதான் விசாரணை சூடுபிடிக்கும். ஷேடோரன் ஆட்டத்தில் வரும் இதே மாதிரியான புலன் பதிவு, சிம்சென்ஸுக்கும் இது பொருந்தும்.

அப்புறம், சாகும் நொடியை ஓட்டும்முன் எல்லோரிடமும் சம்மதம் கேளுங்கள். சிலருக்கு அது உண்மையிலேயே கனமாக இருக்கும்.