வீட்டில் ஓட்டிப் பார்க்க வணிக யூனிக்ஸ் (கம்பெனிகள் விற்கும் யூனிக்ஸ் வகை இயங்குதளம்) எதுவும் மிச்சம் இருக்கிறதா? அதற்கு எதிர்காலம் உண்டா?

சட்டச் சிக்கல் இல்லாமல், காசு கொடுக்காமல் போட வேண்டுமென்றால் சோலாரிஸ்தான். ஆரக்கிள் 2022இல் சோலாரிஸ் 11.4 சிபிஇ (CBE) என்ற இலவசப் பதிப்பைக் கொடுத்தது. சொந்த உபயோகத்துக்கும் திறமூல மென்பொருள் எழுதவும் இலவசம். அலுவலக சர்வரில் போடக் கூடாது. ஆரக்கிள் தளத்தில் கணக்கு தொடங்கி ஐஎஸ்ஓவை (நிறுவல் வட்டின் கோப்பு) இறக்கி, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் 'சோலாரிஸ் 11, 64 பிட்' என்று தேர்ந்தெடுங்கள். 4 ஜிபி ராமில் ஓடும், 8 கொடுத்தால் நிம்மதி. ஒரு குறை: மாதாமாதம் வரும் திருத்தங்கள் சப்போர்ட் ஒப்பந்தக்காரர்களுக்கு மட்டுமே. அடுத்த சிபிஇ வந்தது 2025இல். நடுவில் மூன்று வருடப் பாதுகாப்பு ஓட்டைகள் அப்படியே இருந்தன. எனவே அதை நேராக இணையத்தில் திறந்து வைக்காதீர்கள்.

சோலாரிஸ் ஓட நிஜ ஸ்பார்க் (சன் நிறுவனத்தின் சிப் வகை) இயந்திரம்தான் வேண்டுமென்றால், 11.4க்கு டி4 (T4) சிப் அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். அல்ட்ரா 5, அல்ட்ரா 10 போன்ற பழைய பெட்டிகளுக்கு சோலாரிஸ் 10தான் எல்லை. அவற்றில் முதலில் சாவது, இயந்திரத்தின் அடையாள விவரங்களை வைத்திருக்கும் என்வி-ராம் சிப். பேட்டரி அதற்குள்ளேயே இருப்பதால், தீர்ந்ததும் ஹோஸ்ட் ஐடியும் (இயந்திரத்தின் அடையாள எண்) மேக் முகவரியும் (நெட்வொர்க் அடையாள எண்) அழிந்து, ஐடிப்ராம் (இந்த விவரங்கள் அடங்கிய பகுதி) செல்லாது என்ற செய்தி வரும். கழற்றும் முன் சிப் மேலுள்ள லேபிளைக் குறித்துக்கொள்ளுங்கள். எம்48டி59 புது சிப் வாங்கிப் போடலாம். கை பழகியவர்கள் மேல்மூடியை அறுத்து 3 வோல்ட் சிஆர்2032 செல்லை இணைப்பார்கள். பிறகு பூட் ஆகும் முன் வரும் ஓகே (ok) ப்ராம்ப்டில் எம்கேபி (mkp) கட்டளையால் ஐடிப்ராமின் 16 பைட்டுகளையும் எழுத வேண்டும். மேக் முகவரி 8:0:20 என்று தொடங்கும். கடைசி பைட், முன்னுள்ள 15 பைட்டுகளின் எக்ஸ்-ஆர் (XOR), அதாவது சரிபார்ப்பு எண். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்: அது தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் அதே பிழை வரும்.

ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸுக்கு (AIX) வீட்டு உபயோக உரிமம் இல்லை. 7.2இன் பிந்தைய வெளியீடுகள் க்யூஈஎம்யூ (QEMU) என்ற எமுலேட்டரில், ஐபிஎம்மின் பவர்9 சிபியுவைப் போலி செய்து பூட் ஆகும், ஆனால் ஆமை வேகம். நிறுவல் மீடியாவும் சட்டப்படி கிடைக்க வேண்டும். பழைய பவர் சர்வர் வாங்குபவர்கள் இன்னொன்றைப் பாருங்கள்: பவர்8 முதல் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கவே தனிச் சாவிக் குறியீடு தேவை. ஐபிஎம் கிளவுடில் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது இதைவிட மலிவாக முடியும். திறமூல மென்பொருள் எழுதுபவரா? அவர்களுக்கான பொது சர்வர் தொகுப்பான ஜிசிசி கம்பைல் ஃபார்மில் ஏஐஎக்ஸ், சோலாரிஸ் ஸ்பார்க் இரண்டிலும் இலவசக் கணக்கு கேட்கலாம்.

எச்பியின் யூனிக்ஸான எச்பி-யுஎக்ஸ் (HP-UX) கதை முடிந்தது. அது ஓடிய இட்டானியம் சிப் 2021இல் நின்றது, கடைசிப் பதிப்பான 11i v3இன் சப்போர்ட் 2025 டிசம்பரோடு சரி. எஸ்ஜிஐ நிறுவனத்தின் ஐரிக்ஸுக்கு (IRIX) 2006க்குப் பிறகு புதிய வெளியீடே இல்லை. அது அருங்காட்சியகப் பொருள்.

எதிர்காலத்தைக் கம்பெனியின் சப்போர்ட் தேதியை வைத்துக் கணிப்பது வீண். சுற்றியுள்ள மென்பொருள் அதற்கு முன்பே விலகிவிடுகிறது. 2020இல் வந்த ஜாவா 15இலேயே சோலாரிஸும் ஸ்பார்க்கும் நீக்கப்பட்டன. நீண்ட காலம் இதில் இருக்க நினைப்பவர்கள் ஓப்பன்இண்டியானா, ஆம்னிஓஎஸ் பக்கம் போகலாம். இரண்டும் பழைய ஓப்பன்சோலாரிஸின் வாரிசான இல்யூமோஸ் மேல் நிற்பவை, எக்ஸ்86 போதும். சோலாரிஸில் ஆரம்பித்துப் பின்னால் மாறலாம் என்றால், டேட்டா வைக்கும் இசட்எஃப்எஸ் (ZFS, சோலாரிஸின் ஃபைல்சிஸ்டம்) பூலை, அதாவது வட்டுத் தொகுப்பை, உருவாக்கும்போதே பூல் பதிப்பு 28, ஃபைல்சிஸ்டம் பதிப்பு 5 என்று குறிப்பிடுங்கள். ஆரக்கிளின் புதிய பூல் பதிப்புகளை இல்யூமோஸ் திறக்காது, பதிப்பைக் கீழே இறக்கவும் வழியில்லை.