குழாய் வந்துவிட்டது, தண்ணீர் வரவில்லை: ஊராட்சியைக் கேட்பதா, வாரியத்தைக் கேட்பதா?

"எங்கள் ஊரில் எல்லா வீட்டுக்கும் இணைப்பு கொடுத்தாயிற்று, இலக்கு முடிந்தது என்கிறார்கள். தண்ணீர் மட்டும் இல்லை. கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கை காட்டுகிறார்கள். யார்தான் பொறுப்பு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் உசிலம்பட்டிப் பக்கம்தான், இதே அலைச்சல் அலைந்தவன்.

முதலில் இலக்கு என்னவென்று பாருங்கள். 2019 ஆகஸ்ட் 15-ல் ஜல் ஜீவன் திட்டத்தை அறிவித்தபோது, 2024-க்குள் கிராமத்து வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் என்றார்கள், பிறகு 2028 வரை நீட்டினார்கள். குழாய் மாட்டினால் போதாது, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், தரமாக, தொடர்ந்து வர வேண்டும் என்பதுதான் வழிகாட்டுதல். பணத்தில் மத்திய அரசும் தமிழக அரசும் பாதிப் பாதி.

கூட்டுக்குடிநீர்த் திட்டம் உள்ள ஊர் என்றால் ஊர்த் தொட்டியை எல்லைக்கல்லாக வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றிலிருந்தோ அணையிலிருந்தோ எடுத்துச் சுத்திகரித்துத் தொட்டி வரை கொண்டுவருவது குடிநீர் வடிகால் வாரியம். அங்கிருந்து தெருத்தெருவாகப் பிரித்துவிடுவது, ஆபரேட்டருக்குச் சம்பளம், மோட்டாருக்குக் கரண்டு பில், உடைந்த பைப்பை மாற்றுவது எல்லாம் ஊராட்சி. தனி போர்வெல்லை நம்பியிருக்கும் ஊரில் கிட்டத்தட்ட முழுப் பாரமும் ஊராட்சி தலையில்தான்.

எங்கள் ஊரில் சுமார் 1200 பேர். 55-ஆல் பெருக்கினால் 66,000 லிட்டர். கடைசித் தெருவுக்கு மாதக்கணக்கில் சொட்டு வரவில்லை, எல்லோரும் வாரியத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஆபரேட்டர் அண்ணன், "திட்டுறதுக்கு முன்னாடி மீட்டரைப் பாருங்கப்பா" என்று சம்ப்புக்கு, அதாவது வாரியத் தண்ணீர் வந்து விழும் தரைத் தொட்டிக்குக் கூட்டிப்போனார். தூசியைத் துடைத்துக் காலை ஆறு மணிக்கு ஒரு ரீடிங், மறுநாள் அதே நேரத்துக்கு இன்னொன்று. வித்தியாசம் 68 யூனிட், அதாவது 68,000 லிட்டர். தண்ணீர் ஊருக்குள் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது! மேட்டுத்தெருவில் வீட்டுக் குழாயிலேயே மோட்டாரை மாட்டி உறிஞ்சியவர்கள் ஒன்பது பேர். அதில் முதல் வீடு என் தாய்மாமா வீடு. மோட்டாரைக் கழற்றச் சொன்ன நாளிலிருந்து அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அது வேறு கதை.

அதனால் மனு எழுதுவதற்கு முன் ரெண்டு நாள் ரீடிங் எடுங்கள். அளவு குறைந்தால் வாரியத்தின் உதவிப் பொறியாளரைப் பாருங்கள். சரியாக வந்தும் உங்கள் தெருவுக்கு வரவில்லை என்றால் ஊராட்சிச் செயலரைப் பிடியுங்கள். கிராமக் குடிநீர் மற்றும் சுகாதாரக் குழு என்று ஒன்று இருக்கும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது விதி. பல ஊர்களில் அது தீர்மான நோட்டில் மட்டும்தான் உயிரோடு இருக்கிறது. யார் யார் உறுப்பினர் என்று கேட்டு வாங்குங்கள், உங்கள் சின்னம்மா பெயர்கூட அவருக்கே தெரியாமல் அதில் இருக்கலாம்.

இன்னொன்று. மதுரை மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓடு முடிந்தது. தேர்தல் நடந்து புதுத் தலைவர் வரும்வரை தனி அலுவலர்தான், ஒன்றிய அலுவலகத்தில் போய்ப் பாருங்கள். அங்கும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போய்விடுங்கள், ரீடிங் எழுதிய தாளையும் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.