மீன் தொட்டிச் செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு விடும் சிலிண்டரில் கேஸ் இருந்தும், அதைத் தண்ணீரில் கரைக்கும் ரியாக்டருக்குக் குமிழி வராமல் நிற்கிறது, ரெகுலேட்டரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். கடைக்காரர் "ரெகுலேட்டர் போச்சு" என்று சொன்னதை நம்பி ஆறாயிரத்துச் சொச்சம் தண்டம் கட்டியவன் நான். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு என்னால் சும்மா போக முடியவில்லை.

சிலிண்டர் அழுத்தக் கேஜ் 70 பார் காட்டுகிறது, கேஸை மின்சாரத்தில் திறந்து மூடும் சோலனாய்டு டிக்கென்று திறக்கிறது, குமிழி மட்டும் ஒரு நாள் ஒழுங்காக வருகிறது, மறுநாள் நின்றுவிடுகிறது என்கிறீர்கள். ரியாக்டர் தொட்டிக்குக் கீழே அலமாரியில் கேனிஸ்டர் ஃபில்டரோடு இருக்கும், தண்ணீர் திரும்பி ஏறாமல் தடுக்கும் செக் வால்வ் மலிவான பிளாஸ்டிக் வால்வாக இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். இங்கே முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

முதலில் அந்த 70 பாரை நம்பாதீர்கள். சிலிண்டருக்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கும்வரை கேஜ் காட்டுவது அறையின் வெப்பத்தைத்தான், மிச்சமிருக்கும் அளவை அல்ல. 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் சுமார் 72 பார். திரவம் தீர்ந்த பிறகுதான் முள் இறங்க ஆரம்பிக்கும், அப்புறம் வேகமாக இறங்கும். கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமென்றால் எடை போடுங்கள், காலி எடையைச் சிலிண்டரின் கழுத்துப் பக்கம் அடித்திருப்பார்கள்.

இனி என் கதை. நாலடித் தொட்டி, 4.5 கிலோ சிலிண்டர், கொளத்தூரில் வாங்கி வந்த 18 ரம்மி நோஸ் மீன்கள். வினாடிக்கு இரண்டு குமிழி என்று வைத்திருந்தேன். ஒரு நாள் நின்றது. ரெகுலேட்டரில் குமிழி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வைக் கால் சுற்று திறந்தால் வந்தது, இரண்டு நாளில் மறுபடி நின்றது. கடையில் காட்டினேன், மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். புதியது மூன்று வாரம் அருமையாக ஓடியது. அதனால் கடைக்காரர் சொன்னதுதான் சரி என்று நானும் நம்பிவிட்டேன். நான்காவது வாரம் அதே கோளாறு.

அன்று காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். கிளம்பும் அவசரத்தில் குமிழி வரவில்லையே என்று நீடில் வால்வைத் திறந்தேன், வரவில்லை, இன்னும் கொஞ்சம் திறந்தேன், அப்போதும் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டேன். இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தால் தண்ணீரில் கரைந்த கேஸின் அளவை நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் எலுமிச்சம்பழ மஞ்சளில் இருக்கிறது. பச்சையாக இருந்தால் சுமார் 30 பி.பி.எம்., மஞ்சள் என்றால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். பபிள் கவுண்டரில் குமிழியை எண்ணவே முடியவில்லை, ஒரே கொதிப்பு. ரம்மி நோஸின் மூக்குச் சிவப்பு வெளுத்து, எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, சில ஏற்கெனவே மணலில் கிடந்தன. சிலிண்டரை மூடி, இரண்டு ஏர் ஸ்டோன் போட்டு, பாதித் தண்ணீரை மாற்றினேன். ஏழு பிழைத்தன. பதினொன்றைக் கையால் எடுத்துப் போட்டேன்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை, எல்லாவற்றையும் கழற்றினேன். ரியாக்டருக்குப் போகும் குழாயைச் செக் வால்வுக்கு மேலே, சிலிண்டர் பக்கம் பிடுங்கினால் கேஸ் வர வேண்டிய இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பபிள் கவுண்டர் கழுத்துவரை நிரம்பியிருந்தது. நீடில் வால்வின் வாயில் பச்சைக் களிம்பும் வெள்ளை உப்பும் படிந்திருந்தன, எங்கள் போர் தண்ணீரின் உப்பு. செக் வால்வை எதிர்ப்பக்கமிருந்து வாயால் ஊதினேன். காற்று தாராளமாகப் போனது. நாற்பது ரூபாய் வால்வ்.

நடந்தது இதுதான். சோலனாய்டு மூடியதும் குழாயில் மிஞ்சிய கேஸ் ரியாக்டர் தண்ணீரில் கரைகிறது, அந்த இடத்தைப் பிடிக்கத் தண்ணீர் மேலே ஏறுகிறது. ரியாக்டர் தொட்டி நீர்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் தண்ணீரின் பாரமும் சேர்ந்து தள்ளுகிறது. இதைத் தடுக்க வேண்டியது செக் வால்வ். அது போனால் தண்ணீர் நீடில் வால்வ்வரை வந்து ஊசி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். நாம் திறந்துகொண்டே போவோம், அடைப்பு விலகும் நேரத்தில் கேஸ் மொத்தமாகப் பாயும். அதனால்தான் சொல்கிறேன், காரணம் தெரியாமல் நீடில் வால்வைத் திறக்காதீர்கள். ரெகுலேட்டர் நன்றாகவே இருந்தது, இரண்டுமே.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். சோலனாய்டு மூடும்போது பபிள் கவுண்டரில் நீர்மட்டத்துக்கு ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடுங்கள். காலையில் மட்டம் ஏறியிருந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், செக் வால்வ்தான். ஏறவில்லையென்றால் குழாயை ரியாக்டரிலிருந்து கழற்றி, நுனியை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். அங்கே குமிழி சீராக வந்தால் கோளாறு ரெகுலேட்டரில் இல்லை, அதற்கு அப்பால் இருக்கிறது. அங்கேயும் வரவில்லையென்றால் ரெகுலேட்டரிலிருந்து வெளியே போகும் அழுத்தத்தைக் காட்டும் இரண்டாவது கேஜைப் பாருங்கள், ரியாக்டருக்கு 2 பார் போல இருக்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்பை நுரைத்து எல்லா மூட்டிலும் தடவுங்கள். சிலிண்டர் மூட்டில் கசிந்தால் உள்ளே வாஷரை மாற்றுங்கள், டெஃப்லான் டேப் சுற்றிப் பயனில்லை, அங்கே அடைப்பது மரை இல்லை, வாஷர். சிலிக்கான் குழாய் போட்டிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள், கேஸ் அதன் சுவர் வழியாகவே கசியும், பியூ (பாலியூரித்தேன்) குழாய்தான் சரி.

அழுத்தத்தை இரண்டு படியாகக் குறைக்கும் டூயல் ஸ்டேஜ் ரெகுலேட்டர் வாங்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை என்று யாராவது வருவார்கள். அது சிலிண்டர் தீரும் சமயத்தில் அழுத்தம் எகிறாமல் காக்கும், தண்ணீர் ஏறுவதை அது தடுக்காது. கேஸுக்குச் சர்க்கரையும் ஈஸ்டும் போட்டுப் புளிக்க வைத்த பாட்டில் போதாதா என்பவர்களுக்கு: நாலடித் தொட்டிக்கு ஒரு மாதம் சீராக ஓட்டிக் காட்டுங்கள், பேசலாம். நான் இன்ஜினியர் இல்லை, ஆனால் ஆறு வருடமாக இதே தொட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சிலிண்டர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்குமாடியில் "வீட்டில் வெடிக்கும் பொருள் வைத்திருக்கிறார்" என்று என்மேல் கூட்டத்தில் புகார் வைத்தார்கள். ஒவ்வொரு சமையலறையிலும் எரியும் கேஸ் இரண்டு சிலிண்டர் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. இது எரியாது, தீயணைக்கப் பயன்படுத்துவதே இதைத்தான். நான் சங்கிலி போட்டுச் சுவரில் கட்டி, நிமிர்த்தி, ஜன்னல் உள்ள அறையில் வைத்திருக்கிறேன். ஒரு தடவை வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம், அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

ரெகுலேட்டர் நிஜமாகவே போயிருந்தால் அதற்கு அடையாளம் வேறு. நீடில் வால்வை முழுசாக மூடிவிட்டு, சிலிண்டரைத் திறந்தே வைத்துப் பாருங்கள், சோலனாய்டும் திறந்திருக்கட்டும். இரண்டாவது கேஜ் வைத்த இடத்தில் நிற்காமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் உள்ளே கேஸை அடைக்கும் சீட் கெட்டுவிட்டது, அப்போது மாற்றுங்கள். முதலில் அந்தச் செக் வால்வைக் கழற்றி எதிர்ப்பக்கமிருந்து ஊதிப் பாருங்கள், காற்று போனதா இல்லையா என்று இங்கேயே எழுதுங்கள்.