நைட் டியூட்டி பணத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 33. ஐசியூவில் ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்டாக (வென்டிலேட்டர் போன்ற மூச்சுக் கருவிகளைக் கையாள்பவர்) 8 ஆண்டுகளாக வேலை. மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி, அதுபோக நாலைந்து எக்ஸ்ட்ரா ஷிப்ட். கைக்கு வருவதை 100 என்று வைத்துக்கொண்டால் அடிப்படைச் சம்பளம் 62, நைட் அலவன்ஸ் 14, ஓவர்டைம் 24. கணவருக்குச் சொந்தத் தொழில். ஒரு மாதம் போல் ஒரு மாதம் இருக்காது. 4 வயதில் ஒரு மகள். வீடு வாங்க 20 ஆண்டுக் கடன் கேட்டோம். மாதத் தவணை 40 வரும் அளவுக்குத் தருகிறோம் என்கிறார்கள். "மிச்சம் 60 இருக்கே, போதாதா?" என்கிறார் கணவர். எனக்கு மட்டும் எங்கேயோ இடிக்கிறது. வாங்கலாமா?

பதில்: இடிக்கத்தான் வேண்டும். நீங்கள் கட்டப் போவது 100-ல் 40 இல்லை, 62-ல் 40. கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. என் பதில்: இந்த அளவுக் கடன் வேண்டாம்.

கடன் கொடுப்பவர் கடைசிச் சில மாத பே ஸ்லிப்பைத்தான் பார்த்திருப்பார். அவை எந்த மாதங்கள் என்று நீங்களும் பாருங்கள். காய்ச்சல் சீசனில் வென்டிலேட்டர் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். ஆள் போதாமல் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். படுக்கைகள் காலியானால் முதலில் வெட்டுவது ஓவர்டைமைத்தான். 2020-ல் வென்டிலேட்டரைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு இருந்த கிராக்கியை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்தச் சம்பளம் அப்படியே தொடரும் என்று நம்பித் தவணை போட்டுவிட்டு, அலை அடங்கியதும் திண்டாடிய சிலருக்கு நான் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் துறையிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. என்னிடம் வரும் ஒரு தெரபிஸ்ட் சொல்லித் தெரிந்துகொண்டது. ஏஆர்டிஎஸ் (நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்பட்டு மூச்சுத் திணறும் நிலை) நோயாளி, பெண், எடை 95 கிலோ, உயரம் 160 செ.மீ. டைடல் வால்யூம், அதாவது வென்டிலேட்டர் ஒவ்வொரு மூச்சுக்கும் செலுத்தும் காற்றின் அளவு, வைக்கும்போது 95-ஐயா எடுப்பீர்கள்? டேப்பை விரித்து உயரத்தை அளந்து, அந்த உயரத்துக்கு ஏற்ற எடையாகக் கிடைக்கும் 52 கிலோ சொச்சத்தை எடுத்து, கிலோவுக்கு 6 மில்லி என்று 315 பக்கம் வைப்பீர்கள். 95-க்குப் போட்டால் 570 வரும், நுரையீரல் தாங்காது. உடம்பு பெருத்தால் நுரையீரலும் சேர்ந்து பெருப்பதில்லை. ஓவர்டைம் ஏறினாலும் உங்கள் அடிப்படைச் சம்பளம் அதே 62-தான். தவணையை அதை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

62-ல் 35 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 22. கணவர் வருமானத்தில், போன 2 ஆண்டில் இருந்ததிலேயே மோசமான மாதம் எதுவோ அதை மட்டும் கூட்டிக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம். அதில் ஒரு பகுதி சேர்ந்து 25, 26 வரை போனால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

சரி, நைட்டிலும் ஓவர்டைமிலும் வரும் 38-ஐ என்ன செய்வது? அதுதான் உங்கள் பலம். வட்டி 8 சதவீதம் என்றால் 20 ஆண்டில் வாங்கிய கடனைப் போல 2 மடங்கு கட்டி முடிப்பீர்கள். ஆண்டுக்கு 2 தவணை மட்டும் கூடுதலாக அசலில் கட்டினால், அதே கடன் பதினாலரை ஆண்டு வாக்கில் முடிந்துவிடும். ஓவர்டைம் இல்லாத ஆண்டில் கூடுதல் கட்டாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. மாதத் தவணை தவறினால் நிலைமை வேறு. முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்பதைக் கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு ஒத்திகை பாருங்கள். மூச்சுக்காகத் தொண்டைக்குள் வைத்த ட்யூபை எடுக்குமுன் அரை மணியிலிருந்து 2 மணி நேரம் வரை நோயாளியைத் தானாக மூச்சு விடவிட்டுப் பார்க்கிறீர்களே, அதுபோல 3 மாதம். சம்பளம் வந்த அன்றே 38-ஐ வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மிச்ச 62-லிருந்து 22-ஐத் தவணை என்று நினைத்து எடுத்து வையுங்கள். (இப்போது வாடகை கட்டுகிறீர்களா என்று எழுதவில்லை. கட்டினால், வாடகைக்கு மேல் எவ்வளவோ அதை மட்டும் எடுத்தால் போதும்.) குடும்பம் மூச்சுத் திணறாமல் ஓடினால் 22 உங்களுக்குச் சரியான அளவு. ஒதுக்கிய 38 மட்டும் 3 மாதத்தில் 114 ஆகியிருக்கும். அவசரக் கையிருப்புக்கு அது நல்ல தொடக்கம். தவணையும் சேர்த்து 6 மாதச் செலவுக்கு வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டு வருமானமும் ஆடுவதால் அதற்குக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்று. நோயாளியைக் குப்புறப் புரட்டும்போது தலைமாட்டில் நின்று ட்யூபைப் பிடித்துக்கொண்டு "ஒன்று, இரண்டு, மூன்று" சொல்வது பெரும்பாலும் நீங்கள்தானே? தோளோ முதுகோ ஒரு நாள் பிடித்துக்கொண்டால் 100-ம் நிற்கும். டெர்ம் இன்சூரன்ஸ் இறந்தால்தான் வரும். வேலை செய்ய முடியாமல் போனால் மாதாமாதம் பணம் தரும் காப்பீடு வேறு. அதில் பார்க்க வேண்டியது ஒரே வரி: "தன் தொழிலைச் செய்ய இயலாமை" என்று இருக்கிறதா, "எந்தத் தொழிலையும் செய்ய இயலாமை" என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால், ஐசியூவில் நிற்க முடியாத நீங்கள் மேஜை வேலை பார்க்கலாமே என்று கைவிரித்துவிடுவார்கள். முதல் வகை கொஞ்சம் விலை கூடும். பரவாயில்லை, வாங்குங்கள். மருத்துவமனை தரும் குழுக் காப்பீடு பொதுவாக வேலையோடு போய்விடும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இன்னும் 20 வருடம் இரவு முழுக்க விழித்திருக்கப் போகிறீர்களா என்பதையும் யோசியுங்கள். நுரையீரல் செயல்திறன் பரிசோதனைக் கூடம், தூக்க ஆய்வகம், பயிற்சி தருவது எல்லாம் பெரும்பாலும் பகல் வேலைகள். அப்படி ஒன்றுக்கு மாறினால் நைட் அலவன்ஸ் 14 போகும், அடிப்படை கொஞ்சம் ஏறலாம். 40 தவணை தலைமேல் இருந்தால் அந்த வேலை வாசலில் வந்து நின்றாலும் உங்களால் எடுக்க முடியாது.

கணவரிடம் பேசும்போது "வீடு வேண்டாம்" என்று ஆரம்பிக்காதீர்கள். 3 மாதம் கழித்து இரண்டு கணக்குப் புத்தகங்களையும் அவர் முன் வையுங்கள். அதற்குள் இந்த வீடு வேறு யாருக்காவது போய்விட்டால் போகட்டும். போகாமல் இருந்தால், கூடுதல் முன்பணம் கட்டி 22, 25-க்குள் தவணை வருமா என்று அப்போது எனக்கு எழுதுங்கள்.