புது மீனுக்கு உடம்பு சரியில்லை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன. ஆசையாக வாங்கி வந்த மீன் சில நாளிலேயே சுணங்கிவிட்டது, என்ன செய்வது? அதனால் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் 60 லிட்டர் தொட்டியில் கப்பிகளும் நான்கு கோரிடோராஸும் ஒரு வருடமாக நன்றாக இருக்கின்றன. போன வாரம் இரண்டு மோலி வாங்கி விட்டேன். மூன்றாம் நாளே ஒரு மோலியின் வாலில் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள். அதை மட்டும் எடுத்து வாளியில் தனியாக வைத்தேன். இப்போது கப்பிகளும் கல்லில் உடம்பை உரசுகின்றன. மருந்தை வாளியில் ஊற்றவா, தொட்டியில் ஊற்றவா? உப்பு மட்டும் போட்டால் போதாதா?

தொட்டியில்தான். மோலியையும் திரும்ப அங்கேயே விட்டுவிடுங்கள். ஃபில்டரும் ஹீட்டரும் இல்லாத வாளியில் அது நோயோடு சேர்த்துக் கெட்ட தண்ணீரையும் தாங்க வேண்டியிருக்கும்.

நீங்கள் சொல்வது வெண்புள்ளி நோய், மீன் வளர்ப்பவர்கள் 'இக்' என்று சொல்வது. இது ஓர் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்கு அடியில் புகுந்து, அங்கேயே தின்று பெரிதாகிறது, நாம் பார்க்கும் புள்ளி அதுதான். முற்றியதும் மீனை விட்டு உதிர்ந்து, தரையிலோ செடியிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி ஒரு கூடு கட்டி, அதற்குள் நூற்றுக்கணக்கில் பிரிகிறது. கூடு உடைந்ததும் அத்தனையும் நீந்திக் கிளம்பி அடுத்த மீனைத் தேடும், ஏறக்குறைய இரண்டு நாளுக்குள் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். நம் மருந்துகள் கொல்வது இந்த நீந்தும் பருவத்தை மட்டும்தான். தோலுக்கு அடியில் இருப்பதும் கூட்டுக்குள் இருப்பதும் மருந்துக்கு எட்டாது. ஆகவே மோலியில் புள்ளி கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் உங்கள் தொட்டி முழுவதும் நோய்க்கு ஆளாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், கப்பிகள் உரசுவதும் அதனால்தான். இது பல நேரம் செவுளில்தான் முதலில் வருகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. புள்ளியே இல்லாமல் மீன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் அப்போதே சந்தேகப்பட வேண்டும்.

மருந்து பாட்டிலைத் திறப்பதற்கு முன்பு தண்ணீரை டெஸ்ட் கிட்டில் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த மருந்து ஊற்றினாலும் அது ஏற்கெனவே மூச்சுத் திணறும் மீனுக்கு மேலும் ஒரு சுமை. பிறகு டியூப் வைத்துச் சரளைக்கல்லின் அடியில் இருக்கும் அழுக்கை உறிஞ்சி, கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள், கூடுகளில் கணிசமானவை அதோடு வெளியேறிவிடும். ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அது மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். வெப்பநிலையை ஓரிரு மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் 28 அல்லது 29 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றுங்கள். சூட்டில் ஒட்டுண்ணியின் சுற்று வேகமாக ஓடும், மருந்துக்கு எட்டும் பருவத்துக்குச் சீக்கிரம் வந்து சேரும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால் கூடுதலாக ஓர் ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டே ஆக வேண்டும்.

மருந்தின் அளவை நிஜமாக இருக்கும் தண்ணீருக்குக் கணக்கிடுங்கள். கல், மரக்கட்டை, மேலே விட்ட இடைவெளி எல்லாம் போனால் 60 லிட்டர் தொட்டியில் 50 லிட்டர் இருந்தாலே அதிகம். மலக்கைட் கிரீன் கலந்த மருந்துகள் கோரிடோராஸ், லோச் போன்ற மீன்களுக்குக் கடுமையானவை. பாட்டிலில் இவற்றுக்கு என்று பாதி அளவு சொல்லியிருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். தாமிரம் கலந்த மருந்து என்றால் நத்தையும் இறாலும் பிழைக்காது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், மலக்கைட் கிரீன் உங்கள் உடம்புக்கும் நல்லதல்ல.

மருந்து ஊற்றிய மறுநாள் புள்ளிகள் அதிகமாகலாம். ஏற்கெனவே தோலுக்குள் இருந்தவை பெருத்து இப்போதுதான் வெளியே தெரிகின்றன. இந்த இடத்தில்தான் பலர் பயந்துபோய் இரண்டாவது மருந்தையும் சேர்த்து ஊற்றுகிறார்கள், மீன் நோயில் சாகாமல் மருந்தில் செத்துப்போகிறது. தயவுசெய்து பொறுத்திருங்கள். இதற்கு நேர் எதிரான தவறு, புள்ளி மறைந்த அன்றே நிறுத்திவிடுவது. மீனில் மறைந்தது இப்போது தரையில் கூடுகட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டிலில் உள்ள இடைவெளிப்படி, கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் விடாமல் தொடருங்கள்.

உப்பு போதாதா என்றும் கேட்டிருந்தீர்கள். கப்பியும் மோலியும் மட்டும் இருந்தால் லிட்டருக்கு 2 கிராம் என்று, கரைத்து, ஒரு நாளில் இரண்டு மூன்று தவணையாகச் சேர்க்கச் சொல்லியிருப்பேன், அந்த இரண்டும் உப்பை நன்றாகத் தாங்கும். கோரிடோராஸ் இருக்கிற தொட்டியில் எனக்கு அதில் சம்மதமில்லை, செடிகளும் கருகும்.

கேள்வி: புதுத் தொட்டி அமைத்துப் பத்து நாள் ஆகிறது. நேற்று எட்டு மீன் விட்டோம். இன்று எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகின்றன. புள்ளி, காயம் எதுவும் இல்லை. மெத்திலீன் ப்ளூ என்ற மருந்தை ஊற்றச் சொல்கிறார்கள்.

ஊற்றாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது நோயாகவே தெரியவில்லை, தண்ணீரில்தான் கோளாறு. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அந்த நைட்ரைட்டை இன்னொரு வகை அதிக ஆபத்தில்லாத நைட்ரேட்டாக மாற்றும். ஃபில்டரில் இவை குடியேறிப் பெருகப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். உங்கள் தொட்டியில் அவை இன்னும் இல்லை, எட்டு மீன் ஒரேயடியாக வந்துவிட்டன. மெத்திலீன் ப்ளூ ஊற்றினால் வரப்போகிற பாக்டீரியாவும் போய்விடும்.

இப்போதே பாதித் தண்ணீரை மாற்றுங்கள். குளோரின் நீக்கிய, அதே சூட்டில் இருக்கும் தண்ணீராக இருக்கட்டும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா பூஜ்யமாகிற வரைக்கும் தினமும் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ மாற்றிக்கொண்டே இருங்கள், ஏர் பம்ப் ஓடட்டும், இரண்டு நாள் சாப்பாடு போட வேண்டாம், அப்புறம் கொஞ்சமாகப் போடுங்கள். யாராவது நண்பர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால் அவர்கள் ஃபில்டரின் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள், அதைப் போல் விலை மதிப்பில்லாத உதவி வேறில்லை. அதைக் குழாய்த் தண்ணீரில் மட்டும் கழுவிவிடாதீர்கள், குளோரின் எல்லாவற்றையும் கொன்றுவிடும்.

கேள்வி: ஆண் கோல்டு ஃபிஷ்ஷின் செவுள் மூடியிலும் முன் துடுப்பின் ஓரத்திலும் மட்டும் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடியாடுகிறது. வெண்புள்ளி நோயா?

இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கோல்டு ஃபிஷ்ஷுக்கு அந்த இடங்களில் இப்படி வருவது இயல்பு. மருந்து எதுவும் வேண்டாம். உடம்பு, வால் எங்கும் ஒழுங்கில்லாமல் பரவினால்தான் கவலை.

கேள்வி: புதிதாக வந்த மோலியின் வாயைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு போல இருக்கிறது. பூஞ்சை என்று நினைத்து வெப்பத்தை 30 டிகிரிக்கு ஏற்றினேன், ஒரே இரவில் மோசமாகிவிட்டது.

வாயில் வரும் பஞ்சு பெரும்பாலும் பூஞ்சையல்ல, காலம்னாரிஸ் என்கிற பாக்டீரியா. முதுகின் மேல் சேணம் போட்டது போல வெளிறிய பட்டையாகவும் வரும். இது சூட்டில் வேகமாகப் பரவும், ஆகவே மெதுவாக 24 டிகிரி பக்கம் இறக்குங்கள். மீனை ஃபில்டரும் ஏர் ஸ்டோனும் உள்ள தனித் தொட்டிக்கு மாற்றுங்கள், வலையையும் டியூபையும் பொதுவாகப் பயன்படுத்தாதீர்கள். இதற்குப் பெரும்பாலும் ஆன்டிபயாடிக் தேவைப்படும். அதை மீன் பற்றித் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டுக் கொடுங்கள், கையில் கிடைத்த மாத்திரையைக் குத்துமதிப்பாகக் கரைத்து ஊற்றினால் மீனும் பிழைக்காது, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாதான் மிஞ்சும். நிஜமான பூஞ்சை காயம் பட்ட இடத்தில், நீளமான மெல்லிய இழைகளாக, பாசி படிந்தது போல இருக்கும்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய மீன் இரண்டு நாள் பையிலேயே பயணம் செய்து வந்தது. பையைத் திறந்து இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் கலந்தேன். செவுளெல்லாம் சிவந்துபோய்த் துவண்டு கிடக்கிறது.

நீங்கள் அக்கறையோடுதான் செய்திருக்கிறீர்கள், ஆனால் நீண்ட பயணத்துக்கு இந்த முறை பொருந்தாது. மூடிய பையில் மீன் விடும் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து தண்ணீரின் பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) இறங்கும், அதனால் அங்கே சேர்ந்திருக்கும் அம்மோனியா பெரும்பாலும் அதிகத் தீங்கில்லாத வடிவத்தில் இருக்கும். பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறி பிஹெச் ஏறும், அதே அம்மோனியா விஷமாக மாறும். அந்தத் தண்ணீரில் மீனை இரண்டு மணி நேரம் வைத்துவிட்டோம். அடுத்த முறை, மூடிய பையைப் பதினைந்து இருபது நிமிடம் தொட்டியில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்கி, திறந்ததும் தாமதிக்காமல் வலையில் மீனை எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகவே கூடாது, அதில் என்னென்ன நோய் வந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இப்போதைக்கு விளக்கை அணைத்து, ஏர் ஸ்டோனைக் கூட்டி, தொந்தரவு செய்யாமல் விடுங்கள். ஓரிரு நாள் சாப்பிடாவிட்டால் பயப்பட வேண்டாம்.

கேள்வி: புது மீனுக்குத் தனிமைத் தொட்டி வை என்று எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டில் இடமே இல்லை. அவசியமா?

ஆமாம், அவசியம். நிரந்தரமாக ஒரு கண்ணாடித் தொட்டி வேண்டும் என்றில்லை. மூடியுள்ள 20, 30 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா போதும், வேலை முடிந்ததும் கழுவிக் காயவைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், சின்ன ஹீட்டர், மீன் ஒளிந்துகொள்ள ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான், கல்லும் செடியும் வேண்டாம். அந்த ஸ்பாஞ்சை எப்போதும் பெரிய தொட்டியின் மூலையில் ஓடவிடுங்கள், புது மீன் வரும் அன்று எடுத்து டப்பாவில் வைத்தால் பாக்டீரியா தயாராக இருக்கும். பெரிய தொட்டியில் நோய் இருக்கும்போது மட்டும் அதை எடுக்காதீர்கள். புது மீனை நான்கு வாரம் டப்பாவில் வைத்து, தினமும் சாப்பிடுகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா, துடுப்பை விரித்து நீந்துகிறதா என்று பாருங்கள். டார்ச் அடித்து உடம்பைப் பாருங்கள், பொன்துகள் தூவியது போல மினுமினுத்தால் அது வெல்வெட் நோய், வெறும் கண்ணுக்குச் சுலபமாகத் தெரியாது. நோய் எதுவும் தெரியாவிட்டால் நான்கு வாரமும் மருந்தே ஊற்றாமல் இருப்பதுதான் என் வழி.

கேள்வி: விரலில் வெட்டுக்காயம் இருக்கிறது. நோயுள்ள தொட்டியைச் சுத்தம் செய்யலாமா? டியூபை வாயால் உறிஞ்சித்தான் தண்ணீர் இறக்குவேன்.

இரண்டும் வேண்டாம். வெண்புள்ளி ஒட்டுண்ணி மனிதருக்கு வராது, ஆனால் மீன் தொட்டியில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்றொரு பாக்டீரியா இருக்கலாம், அது காயத்தின் வழியாக நுழைந்து விரலிலோ கையிலோ வாரக்கணக்கில் ஆறாத முடிச்சுகளை உண்டாக்கும். காயம் ஆறும்வரை வேறொருவரைச் செய்யச் சொல்லுங்கள், அல்லது நீளமான ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீர் இறக்கக் கையால் அமுக்கும் பல்ப் வைத்த டியூப் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி ஒரு முடிச்சு வந்தால் மருத்துவரிடம் போகும்போது வீட்டில் மீன் வளர்ப்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.